கால்வாய்மேல் ஒரு சந்து

எங்கள் தலைவருக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் உலகம். வாயைத் திறந்தாலே "உலகத்துலயே" என்றுதான் ஆரம்பிப்பார். உலகத்திலேயே ஒரு சின்ன போனுக்குள் இவ்வளவு ரோடுகளை அடைத்தவர் அவர்தானாம். உலகத்திலேயே இப்படி ஒரு மட்டமான டீயைக் குடித்ததில்லை என்று தினமும் அதே டீயைக் குடிப்பார். உலகத்தைப் பற்றி இத்தனை பேசுகிற மனிதர் காரை விட்டு இறங்கி ஒரு தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் மேப் தயாரிக்கிறவர்கள். ரோடு, பாலம், ஒருவழிப் பாதை, திரும்பக் கூடாத முனை என்று எல்லாவற்றையும் சேர்த்து, சரிபார்த்து, பொட்டலமாகக் கட்டிப் போன்களுக்கு அனுப்புவதுதான் வேலை. பொட்டலம் கட்டி அனுப்புகிற பிரிவுக்கு நான் பொறுப்பு. போனுக்குள் ஒரு பெண் "இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்று சொல்கிறாளே, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் அனுப்பி வைத்தது மட்டும்தான். அவளுக்குக் கண் கிடையாது. உலகத்துக்கும் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேப்பைத் திருடுகிறவர்களைப் பிடிப்பதற்காக, இல்லாத சந்து ஒன்றை எங்காவது வரைந்து வைப்போம். பொய்ச்சந்து என்போம். அதே சந்து அடுத்த கம்பெனியின் மேப்பிலும் முளைத்தால், நம்மிடமிருந்து உருவியிருக்கிறான் என்று அர்த்தம். விவரமானவர்கள் இதை ஒரு மூலையில், முட்டுச்சந்தாக, நகத்தளவுக்குப் போடுவார்கள். உலகம் அப்படிப் போடுவாரா? ஊருக்கு வெளியே கிடங்குகள் இருக்கிற ரோட்டிலிருந்து புறவழிச்சாலை வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தார். நடுவில் ஒரு கால்வாய் ஓடுகிறதே என்று கவலையே படவில்லை. போதாக்குறைக்கு அந்தச் சந்துக்குத் தன் பெயரையே வைத்தார்.

"என் பேர்ல வேற யாரும் தெரு வைக்க மாட்டாங்கல்ல? அதான் அடையாளம்" என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

பொய்ச்சந்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறி போட்டிருப்போம். இந்த வழியை யாருக்கும் சொல்லாதே என்பது அதன் பொருள். குறி இருக்கிறவரை கோடு சும்மா கோடாகக் கிடக்கும், போன் யாரையும் அதன்மேல் அனுப்பாது. போன வருடம் ஒரு புகார் வந்தது. பொட்டலம் கனமாக இருக்கிறது, மலிவான போன்களில் இறங்க நேரமாகிறது என்று. உலகம் கூட்டம் போட்டார். ரோட்டைக் குறைக்க அவருக்கு மனசு வரவில்லை, எண்ணிக்கை சொல்லிப் பெருமையடிக்க வேண்டுமே. அதனால் குறிகளையெல்லாம் உருவிவிடச் சொன்னார்.

"சார், பொய்ச்சந்துக் குறியும் அதோட போயிடும். போனுக்கு அது நிஜ ரோடு ஆயிடும்" என்றேன்.

"ஏம்மா, அந்தக் குறி நம்ம சர்வர்ல இருக்குல்ல?"

"நம்ம சர்வரைப் பார்த்து யாரும் வண்டி ஓட்டலையே சார்."

"உலகத்துலயே எதைச் சொன்னாலும் முட்டுக்கட்டை போடுற ஆள் நீ ஒருத்திதான்" என்றார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சம்பள உயர்வு வருகிற மாதம் அது. ஒரு மாதம் கழித்து, எடை குறைந்த பொட்டலம் ஊர் முழுக்கப் போன்களுக்குள் இறங்கியது.

இப்போது என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்லவர்தான். பக்கத்தில் இருக்கிறவள் பேசினால் மட்டும் அவர் காதில் ஏறாது. போனுக்குள் இருப்பவள் பேசினால் வேதவாக்கு. ஒரு நியாயமும் உண்டு. போன் காட்டுகிற வழியை விட்டு விலகினால் அவருடைய கம்பெனி விளக்கம் கேட்கும். ஆனால் அந்த விதி வருவதற்கு முன்பிருந்தே அக்கா பேச்சை அவர் கேட்டதில்லை, அது எனக்குத் தெரியும்.

அக்கா தையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கிடங்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது கூடம். பார்சல் வேனில் வேறு ஆளை ஏற்றக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அத்தான் ஏற்றிக்கொள்வார். காலையில் போகிற வழியில் இறக்கிவிட்டு, பஸ் காசு மிச்சம் என்பார். அன்று நல்ல மழை. அன்றைய முதல் பார்சல் புறவழிச்சாலைப் பக்கம், அதனால் கிடங்கு ரோட்டில் போன் வலது பக்கம் திரும்பச் சொன்னது. "என்னங்க, அங்க ரோடே இல்லைங்க" என்றாள் அக்கா. "பேசாம வா" என்றார் அத்தான். அடுத்த நிமிடம் வேனின் மூக்கு கால்வாயில் இருந்தது. அத்தானுக்கு நெற்றியில் சிராய்ப்பு. அக்காவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்தது.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. "நான் வண்டியில இருந்தேன்னு வெளிய தெரியக் கூடாதுடி. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லச் சொல்லியிருக்காரு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையை உடைத்தவர் அவர், பழி பாத்ரூமுக்கு. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. வேலை போனால் அத்தானுக்கு வேறு வேலை கிடைக்காது. கால்வாயில் வேனை இறக்கியவரிடம், அதுவும் ஐம்பது தாண்டியவரிடம், இன்னொரு வேனை யார் நம்பிக் கொடுப்பார்கள்? வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றே யாரையும் கேட்காமல் குறியைத் திரும்பச் சேர்த்துப் புதுப் பொட்டலத்தை அனுப்பிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அது ஐந்து நிமிட வேலை. ஆனால் போன்கள் எப்போது அதை இறக்கிக்கொள்ளுமோ, அது அவற்றின் இஷ்டம். பழைய பொட்டலம் கிடக்கிற போன்களில் அந்தக் கால்வாய்மேல் இன்னும் ரோடு போய்க்கொண்டுதான் இருக்கும்.

பார்சல் கம்பெனி அத்தானை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை வைத்தது. கம்பெனியின் வாதம் சுலபம்: இல்லாத ரோட்டில் வண்டியைத் திருப்பியது டிரைவரின் கவனக்குறைவு. வழியை விட்டு விலகினால் விளக்கம் கேட்பதும் இவர்கள்தான், விலகாமல் போனதற்குத் தண்டிக்க வந்திருப்பதும் இவர்கள்தான். இதில் ஒரு வெட்கமும் அவர்களுக்கு இல்லை. அந்தச் சந்து உண்மையிலேயே உண்டா என்று எங்கள் கம்பெனியைக் கேட்டார்கள். "கண்டிப்பா இருக்கு. மழையில கரை சரிஞ்சிருக்கும். நானே நேர்ல வந்து விளக்குறேன்" என்றார் உலகம்.

அவருக்கு அதற்குக் காரணம் இருந்தது. அதே வாரம்தான் எதிர்க் கம்பெனியின் மேப்பில் அவருடைய சந்து அப்படியே முளைத்திருந்தது, பெயர் உள்பட. உலகம் குழந்தை மாதிரிக் குதித்தார். எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். வழக்குப் போடப் போவதாகவும், அதுவரை யாரும் மூச்சு விடக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருப்பதாகவும் ரகசியக் குரலில் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பொய்ச்சந்து வெளியே தெரிந்தால் வேன் விழுந்த பழியும் தலைமேல் விழும் என்கிற கணக்கும் அவருக்கு இருந்தது. என் அத்தானின் பிழைப்பு போவதைப் பற்றி அவர் கணக்கில் எதுவும் இல்லை. அந்த டிரைவர் என் அத்தான் என்பதே அவருக்குத் தெரியாது.

நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொந்தக்காரனுக்காகப் பேசுகிறாள் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். உலகம் சொன்னால்தான் எடுபடும். உலகத்தை எப்படிப் பேச வைப்பது என்பது எங்கள் அலுவலகத்தில் டீ கொண்டு வருகிறவருக்குக்கூடத் தெரியும்.

விசாரணை நடந்தது கிடங்குக்கு மேலே ஒரு நீளமான அறையில். ஃபேன் சுற்றினால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வியர்க்கும். விசாரணை அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சுவரோரப் பெஞ்சில் அக்கா, கட்டுப்போட்ட கையை முந்தானையால் மூடியபடி. துணைக்கு வந்த மனைவி, அவ்வளவுதான். நான் உலகத்தின் மடிக்கணினியைச் சுமந்து வந்தவள். அக்காவும் நானும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி இருந்தோம்.

உலகம் திரையில் சந்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "உலகத்துலயே இவ்வளவு துல்லியமான மேப் கிடையாது சார். டிரைவர் எதையோ நெனச்சுக்கிட்டு ஓட்டியிருப்பாரு."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு சந்தேகம்" என்றேன் நான், எவ்வளவு பவ்வியமாக முடியுமோ அவ்வளவு பவ்வியமாக. "எதிர்க் கம்பெனி மேப்லயும் இந்தச் சந்து இருக்கு. இந்தச் சந்தை முதல்ல கண்டுபிடிச்சது அவங்கதானாம். நாமதான் அவங்களைப் பார்த்துப் போட்டோம்னு வெளிய பேசிக்கிறாங்க."

உலகத்தின் காது சிவந்தது. "யாரு? யாரு சொன்னா?"

"பொதுவா பேசிக்கிறாங்க சார். அவங்க சர்வே நம்மளதை விட ஒசத்தின்னு."

"சர்வேயா? திருட்டுப் பசங்க!" மேசையில் தட்டினார். காகிதங்கள் குதித்தன. "எப்படிக் கண்டுபிடிப்பான்? அங்க சந்தே கிடையாதே! அது நான் போட்டது சார், என் கையால வரைஞ்சது! இல்லாத சந்து! என் பேரு அது! என் பேர்ல உலகத்துலயே அது ஒண்ணுதான்..."

அப்புறம்தான் அவருக்கே கேட்டது. வாய் திறந்தபடி நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மடிக்கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் அந்த மனிதரின் கீழே உட்கார்ந்ததற்கு அன்றுதான் ஒரு பலன் கிடைத்த மாதிரி இருந்தது.

அதிகாரி அதை இரண்டு முறை சொல்ல வைத்து எழுதிக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பழியைப் போட வெளியாள் ஒருவர் கிடைத்தால் எந்தக் கம்பெனிக்குக் கசக்கும்? சற்றுமுன் வரை டிரைவரைப் பார்த்த முகம் வேறு, இப்போது பார்த்த முகம் வேறு.

"பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் அத்தானிடம். "அந்த மழையில ரோடு இருக்கா இல்லையான்னு எந்த மனுஷனாலயும் பார்த்திருக்க முடியாது."

"ஆமாங்க" என்றார் அத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாராலயும் முடியாதுங்க."

"நான் பார்த்தேன்" என்றாள் அக்கா.

பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். வேண்டாம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நல்லாப் பார்த்தேன். தண்ணி ஓடுறது தெரிஞ்சது. அந்தக் கரையில ஒருத்தர் குடையோட நின்னு, வராதே வராதேன்னு கைய ஆட்டினாரு. ரோடே இல்லைங்கன்னு சொன்னேன். பேசாம வான்னாரு. இந்தக் கை பாத்ரூம்ல உடையல. பாத்ரூம் ஒண்ணும் பண்ணல, பாவம்."

"நீங்க எப்படிம்மா வண்டியில?" என்றார் அதிகாரி.

"தினமும் அதுலதான் வேலைக்குப் போவேன்."

அதிகாரி திரும்பவும் பேனாவைத் திறந்தார். முகம் பழையபடி மாறியது. விதியை மீறி ஆள் ஏற்றியது, காயத்தை மறைத்தது, எச்சரித்தும் கேட்காதது என்று வரிசையாக எழுதினார். அத்தானுக்கு வேலை இல்லை என்று அன்று மாலைக்குள் சொல்லிவிட்டார்கள். உலகம் மட்டும் தெம்பாகிவிட்டார். "பார்த்தீங்களா, கண்ணைத் திறந்து ஓட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். அவர் பேசியது முழுக்க அதிகாரியின் காகிதத்தில் இருக்கிறது என்பது அவருக்கு உறைக்க இன்னும் இரண்டு நாளாகும்.

கீழே பார்சல் ஏற்றுகிற இடத்தில் அத்தான் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது. கைக்கு வந்ததை இப்படித் தட்டிவிட்டாளே என்று. பிள்ளைகள் ஞாபகம் வரவில்லையா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

அத்தானே கேட்டார். "ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருந்தா வேலை திரும்பக் கெடச்சிருக்கும்ல?"

"கெடச்சிருக்கும்" என்றாள் அக்கா. "மறுபடியும் பக்கத்து சீட்டுல நான்தானே உக்காந்திருப்பேன்."