கடைசியாகப் படகில் ஏறியவர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்காகவே திண்டிவனத்துக்குக் குடிவந்த ஆறாவது மாதத்தில் எங்கள் அன்பியத்துக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். அன்பியம் என்றால் சர்ச்சுப் பங்கில் அக்கம்பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மாதம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது. மே மாதத்தில் மட்டும் ஜெபம் முடிந்ததும் ஒரு படம் பார்ப்போம், பிறகு கருத்து எழுதுவோம்.

கருத்துக்குச் சட்டம் உண்டு. வீட்டுக்கு ஒரு சீட்டு, பெயர் போடக் கூடாது. எழுதத் தெரிந்தவர்களில் வயதில் சின்னவர் எழுத வேண்டும். எழுதியதை ஒருங்கிணைப்பாளர் ஒரு எழுத்து விடாமல் படிக்க வேண்டும். கடைசிச் சட்டத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். எனக்கு முன் இருந்தவர் தனக்குப் பிடிக்காத சீட்டுகளை அமுக்கிவிடுகிறார் என்று சண்டை போட்டுக் கொண்டுவந்தேன்.

இந்த முறை சூசை மேரி அக்கா வீட்டில் கூடினோம். படம் தமிழில் குரல் கொடுத்த பழைய வெளிநாட்டுப் படம். கப்பல் பாறையில் மோதி உடைகிறது. அப்பா தன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் படகில் இறக்கிவிட்டு, கடைசியில் ஒரு ஆட்டுக்குட்டியோடு தானும் குதிக்கிறார். அப்புறம் தீவு, மரத்துமேல் வீடு, கரடி.

அந்த அப்பா கடைசியில் குதித்தபோது எனக்கு உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் இருந்தபோது டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவே மூழ்கியது. நான், என் மனைவி ஜெயம், மகள் பிரின்சி, மூவரும் பக்கத்து மாடியில் நின்றோம். ரப்பர் படகு வந்தது. "பொம்பளைங்க, பசங்க முதல்ல" என்று படகுக்காரர் கத்திக்கொண்டிருக்கும்போதே நான் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படகு நிறைந்துவிட்டது. அவர்கள் இருவரும் அடுத்த நடைக்காக நான்கு மணி நேரம் மழையில் நின்றார்கள். படகு தெருமுனையில் திரும்பி மறையும்வரை நான் அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அதையாவது செய்தேன்.

ஆனால் திண்டிவனத்தில் கேட்டவர்களிடம் நான் சொன்னது வேறு. பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிவிட்டுக் கடைசி ஆளாக ஏறியதாகச் சொன்னேன். முதல் முறை சொன்னபோது நாக்கு கூசியது. பத்தாவது முறை கையை ஆட்டிச் சொன்னேன். ஜெயம் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

வேகவைத்த மல்லாட்டைக் கடலையும் டீயும் வந்தன. சீட்டு எழுதும் நேரத்தில் ஜெயமும் பிரின்சியும் சமையற்கட்டு வாசலில் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

படிக்க ஆரம்பித்தேன்.

"ஆறு மாசம் தீவுல இருந்தும் அந்தம்மாவுக்குத் தலை கலையவே இல்லை. என்ன எண்ணெய் தடவினாங்கன்னு சொல்லவும்."

"நல்லா கேளுங்க, நம்ம வூட்டுலயும் வாங்கலாம்" என்றேன். சிரிப்பு.

"கரடிக்கு முதுகுல ஜிப் தெரியுது."

"சுத்தியும் கடல். உப்பு இல்லைன்னு அழறாங்க. பேஜாரு குடும்பம்."

சூசை மேரி அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த சீட்டைப் பிரித்தேன். பிரின்சியின் கையெழுத்து.

"படத்துல அப்பா எல்லாரையும் ஏத்திவிட்டுக் கடைசியா ஏறினாரு. நிறைய பேரு இது சும்மா கதைன்னு சொல்வாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான் ஏறினாரு."

ஒரு எழுத்து விடாமல் படித்தேன். சட்டம் என்னுடையது. பெயர் இல்லாவிட்டாலும் யார் வீட்டுச் சீட்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கை தட்டினார்கள்.

"பொண்ணே எழுதிக் கேக்கறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும் தம்பி" என்றார் அக்கா. "அந்தக் கதைய இன்னொரு தடவ சொல்லேன்."

பிரின்சி மல்லாட்டைத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை தட்டவில்லை. "அப்புறம் சொல்றேன்க்கா" என்று அடுத்த சீட்டை எடுத்தேன். அதில் என்ன இருந்தது என்று நினைவில்லை.

வீட்டுக்குப் போகும்போது ஜெயம் முன்னால் நடந்தாள். நான் பிரின்சியின் பக்கத்தில் போனேன்.

"ஏம்மா அப்படி எழுதின?"

"நீ எல்லார்கிட்டயும் அப்படித்தானப்பா சொல்லிக்கினு இருக்கற."

"உள்ளத எழுதியிருக்கலாமே."

"எழுதினேன். அம்மாதான் கிழிச்சிட்டாங்க. அதப் படிக்கப்போறதே உங்க அப்பாதான், அத்தினி பேருக்கு முன்னால அவரு வாயாலயே படிக்க வைக்கலாமான்னு கேட்டாங்க. வேற எழுதிக் குடுன்னாங்க."

நான்கு மணி நேரம் மழையில் நின்றவள் எனக்காக அதைக் கிழித்திருக்கிறாள். அவள் முதுகைப் பார்க்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"கிழிச்சதுல என்ன எழுதியிருந்த?"

பிரின்சி சற்று யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"எங்க அப்பா முதல் ஆளா ஏறினாரு. நானும் அம்மாவும் கை ஆட்டிக்கினே இருந்தோம். படகு தெருமுனைல திரும்பற வரைக்கும் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல."