சிந்தாமணிக்கு வைத்த சுமைதாங்கி

என் மனைவி சிந்தாமணிக்குச் சுமைதாங்கிக் கல் வைத்துவிட்டார்கள். அப்போது அவள் வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி இறந்துபோனால், பாதையோரம் இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்கப் போடுவார்கள். அவள் இறக்கி வைக்காமல் போன பாரத்துக்குப் பதிலாக, வழியில் போகிறவர்கள் தங்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைப்பார்கள். சிந்தாமணி சாகவில்லை. நிறைமாசமாக இருந்தாள், அவ்வளவுதான்.

நான் போய்ப் பார்த்தேன். கல்தச்சர் நாச்சிமுத்து அவள் பெயரை வெட்டி முடித்துத் தூசியை ஊதிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அவ உசுரோட இருக்கறாளுங்க.”

“கல்லு நல்லா அமைஞ்சு போச்சுங்க தம்பி. இந்த மாதிரி மறுபடி கெடைக்குமுங்களா?”

“அதுக்கு?”

“நானும் சும்மாதானுங்க இருந்தேன்.”

அதற்குள் ஒரு பெண் சோளத்தட்டுக் கட்டோடு வந்து, கல்லில் இறக்கி வைத்துவிட்டு, அம்மாடி என்று இடுப்பைப் பிடித்தாள்.

வீட்டுக்கு ஓடினேன். சிந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தோள் இறங்கியிருந்தது. தலைமுடியில் சோளத்தட்டுச் சருகு.

“யாரோ கட்டு வெச்சிருக்கறாங்க. பாவம், எத்தன தூரம் நடந்து வந்தாங்களோ” என்றாள்.

அவளுக்கு யார்மேலும் கோபம் வராது. அவளுடையதையும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருந்தது.

ஊர்த்தலைவர் செங்கோடன் வீடு அடுத்த தெருவில்தான். அன்றைக்குத் தெரு நீண்டுகொண்டே போனது. புலிகுத்திக் கல்லை மூன்றாம் முறை கடந்தபோது, அதில் செதுக்கியிருந்த வீரனிடமே கேட்டுவிட்டேன். எந்தக் காலத்திலிருந்தோ அவன் அந்தப் புலியை ஈட்டியால் குத்திக்கொண்டிருக்கிறான்.

“ஒரு கை குடுங்களேன். கல்லைப் பேர்க்கோணும்.”

“எனக்குக் கை சும்மா இல்லீங்களே” என்றான். புலியும் ஆமாம் என்பதுபோல் பார்த்தது.

தலைவர் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“நட்ட கல்லப் புடுங்குனா ஊருக்கு ஆகாதுங்க. அம்மிணியைக் கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க.”

“எப்படீங்க அனுசரிக்கறது?”

“அது அவங்களுக்கே தெரியுமுங்க.”

திரும்பி வந்தால் கல்லின்முன் வரிசை நின்றது. கடலை மூட்டை, பால் கேன், ஒரு கலப்பை. வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு மரியாதையாக வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து அவள் முனகல் கேட்டது. மறுபடி வீட்டுக்கு ஓடினேன்.

அவளுக்கு வலி கண்டுவிட்டது. தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் கல்லுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். கல்லைத் தாண்டினேன். முன்னால் கல் இருந்தது. அதையும் தாண்டினேன். மறுபடி இருந்தது. தூரத்தில் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. சிந்தாமணி கடலை மூட்டை கனம் கனத்தாள், பிறகு கலப்பையும் சேர்ந்து கனத்தாள்.

எங்களைப் பார்த்ததும் எல்லோரும் தங்கள் சுமைகளை எடுத்துக்கொண்டு இடம் விட்டார்கள். நாச்சிமுத்து தன் தோள் துண்டால் கல்லைத் துடைத்துவிட்டார். அவர்கள் சுமையை எடுத்த பிறகும் அவள் கனம் குறையவில்லை. தோள் உயரத்தில் இருந்த கல், என் கை உயரத்துக்குத் தாழ்ந்து கொடுத்தது.

“கை நோவுதுங்களா?” என்றாள் சிந்தாமணி.

“இல்ல.”

“நடுங்குதுங்களே. கொஞ்சம் எறக்கி வைங்க. எனக்குன்னு வெச்ச கல்லுதானுங்க.”

“மாட்டேன்.”

“கோவிச்சுக்காதீங்க” என்று என் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அவள் கை கல்லாகச் சில்லிட்டிருந்தது. வயிற்றில் பிள்ளை உதைப்பது என் மார்பில் தெரிந்தது.

நான் இறக்கி வைக்கவில்லை. இன்னும் வைக்கவில்லை. பின்னால் ஒருவர் விறகுக் கட்டோடு வந்து நிற்கிறார். வெகுநேரமாக நிற்கிறார் போலிருக்கிறது, அவருக்கும் கழுத்து நடுங்குகிறது.

“ஆச்சுங்களா?” என்று மரியாதையாகக் கேட்கிறார்.