வெள்ளையடித்த விரிசல்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுலோச்சனா அப்படியே நின்றாள். பள்ளிக்கூடம் சாலையிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

இரண்டு நாள் சித்தூரில் கூட்டம். ஆந்திர எல்லையில் குடிபாலாவைத் தாண்டி இருக்கும் இந்தத் தமிழ்ப் பள்ளிக்கு அவள்தான் தலைமை ஆசிரியை. வேறு ஆசிரியரும் கிடையாது. இடித்துக் கட்ட வேண்டிய பள்ளிகளின் பட்டியலில் இதைச் சேர்க்கச் சொல்லி ஆறு வருடமாக மனு எழுதுகிறாள். இன்று இஞ்சினியர் பார்க்க வருகிறார். பெற்றோர் கமிட்டித் தலைவர் முனிரத்தினத்துக்குப் போன் செய்து அதைச் சொன்னதும் அவள்தான்.

முனிரத்தினம் கேட் அருகே நின்றிருந்தார். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு.

"எப்டி கீது டீச்சர்? நேத்து பத்து பேரு வேலைக்கே போவல. விரிசலெல்லாம் சிமெண்ட் வெச்சி அடச்சிட்டு, மேல ரெண்டு கோட்டு."

"விரிசலையுமா அடைச்சீங்க?"

"பின்ன? ஆபீசர் வராரு, ஓட்ட செவுத்தயா காட்டுவாங்க? நம்மள இன்னான்னு நெனப்பாரு?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். அதிகாரி வந்தால் வெள்ளையடிப்பதுதான் இந்த ஊருக்குத் தெரிந்த மரியாதை. எதற்கு வருகிறார் என்பதை அவள் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இஞ்சினியர் பிரவீன் பதினோரு மணிக்கு பைக்கில் வந்தார். சின்ன வயது. இன்னும் நாலு பள்ளி பாக்கியாம். போனில் படமெடுத்தபடியே இரண்டு வகுப்பறைகளையும் சுற்றினார்.

"பாகுந்தி மேடம். நல்லாவே இருக்குது. ரிப்பேர்னு போட்டுடறேன்."

"பாத்தீங்களா!" என்றார் முனிரத்தினம். முகமெல்லாம் சிரிப்பு.

"ரிப்பேர்னு போட்டா புதுக் கட்டடம் வராது அண்ணா," என்றாள் சுலோச்சனா.

சிரிப்பு அப்படியே நின்றது.

அவள் பிரவீனிடம் திரும்பினாள். "உள்ள கம்பியெல்லாம் துரு சார். போன மழையில சுஷ்மிதான்னு ஒரு பொண்ணு தலையில காரை விழுந்து மூணு தையல்."

"போட்டோல அது எதுவும் இல்லையே மேடம். போட்டோல இல்லாதத எழுதினா என்னைத்தான் கேப்பாங்க."

அவள் பிள்ளைகளை வெளியே அனுப்பினாள். மூலையில் கிடந்த கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினாள். உத்தரம் எட்டவில்லை. கீழே சுவரைச் சுரண்டினாள். சுண்ணாம்பு மட்டும் புடவையில் உதிர்ந்தது.

முனிரத்தினம் வந்து கொத்துக்கரண்டிக்குக் கை நீட்டினார்.

"எறங்குங்க டீச்சர். உங்களுக்கு எட்டாது."

அவர் ஏறினார். முந்தின நாள் தன் கையால் பூசியதை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு கொத்தினார். முதலில் ஈர சிமெண்ட். அப்புறம் பழைய காரை, ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. பிரவீன் வாசலுக்குத் துள்ளினார். மேலே கம்பி கறுத்து, இலை இலையாக உரிந்து தொங்கியது.

பிரவீன் படம் எடுத்தார்.

"இடிக்கணும்னு போட்டுட்டேன்," என்றார். "ஆனா மேடம், அப்டி போட்டா இன்னிலேந்து உள்ள யாரையும் உக்கார வெக்கக் கூடாது. ரெண்டு ரூமும். இதுல கையெழுத்து போடுங்க."

"புதுசு எப்ப சார் வரும்?"

"அது என் கையில இல்ல மேடம்."

முப்பத்தேழு பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சுலோச்சனா ஒரு நிமிடம் அவர்களைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பைக் போன பிறகு முனிரத்தினம் கேட்டார்: "எப்ப டீச்சர் கட்டுவாங்க?"

"லிஸ்ட்டுல பேர் ஏறிடுச்சு."

"அது சரி. கட்றது?"

"பேர் ஏறிடுச்சு அண்ணா."

அவள் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவர் பிடித்தார். வெளியே நிழல் எந்தப் பக்கம் என்று இருவரும் பார்த்தார்கள்.