சாலமனின் சூடான ஃப்ரிட்ஜ்

பெங்களூர் மர்பி டவுனில் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜும் சில்லென்று இருக்கும். சாலமன் வீட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் சூடாக இருக்கும். சிவாஜி நகரில் பழைய சாமான் விற்கும் குஜிரிக் கடையில் எடைக்குப் போட்டிருந்த பழைய பெட்டியை ஆட்டோவில் கட்டி எடுத்து வந்து, உள்ளே இரண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன், தண்ணீர்த் தட்டு எல்லாம் பொருத்தி, கதவில் ஓட்டை போட்டுக் கண்ணாடி ஒட்டி, முட்டை பொரிக்கும் இன்குபேட்டராக மாற்றிவிட்டார் மனிதர். வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. குஞ்சு பொரிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் மனைவி டோரீனுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தவர்கள். வந்த கையோடு அவள் பிரேசர் டவுனில் ஒரு தையல் யூனிட்டில் சேர்ந்துவிட்டாள். சாலமன் வீட்டில் உட்கார்ந்து, சமையலறை ஜன்னலை எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு திறக்க வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவர் சுரங்கத்தில் காற்றோட்டம் பார்த்தவர். பூமிக்கு அடியில் ஒவ்வொரு மட்டத்திலும் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று அளந்து, வேண்டிய கதவைத் திறந்து காற்றை அனுப்பி, ஆட்கள் மயங்கி விழாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அங்கே அவர் பேச்சை என்ஜினியர்களே கேட்டார்கள். இங்கே டோரீன்கூடக் கேட்பதில்லை.

கேட்பாரில்லாத மனிதருக்கு முட்டை வாய்த்தது. வீட்டு ஓனர் கோவிந்தப்பா பின்கட்டில் நாட்டுக்கோழி வளர்த்தார். அவருடைய மச்சான் ஹெசரகட்டா பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தார். "முட்டை நான் கொடுக்கறேன், குஞ்சுல பாதி எனக்கு" என்று கோவிந்தப்பா சொன்னதும் சாலமன் அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

சூட்டில் அவரை யாரும் அசைக்க முடியாது. முப்பத்தேழரை டிகிரி என்றால் முப்பத்தேழரைதான். பல்பைக் கொஞ்சம் மேலே தூக்கி, கொஞ்சம் கீழே இறக்கி, பாதரசத்தைக் கட்டிப் போட்ட மாதிரி நிறுத்திவிடுவார். தகராறெல்லாம் ஈரத்தில்தான். ஈரத்தை அளக்க ஈரத்துணி சுற்றி வைத்த இரண்டாவது தெர்மாமீட்டரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் கறுத்துவிடும். ஆயுள் முழுக்க ஈரத்தோடு மல்லுக்கட்டின கை சும்மா இருக்குமா? முதல் தடவை தண்ணீர்த் தட்டையே வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

"இவ்ளோ ஈரத்துல ஆளுங்க எப்படி மூச்சு வுடுவானுங்க?" என்றார் டோரீனிடம்.

"ஆளுங்க இல்லீங்க, முட்டை" என்றாள் டோரீன்.

அந்த முட்டைகள் உள்ளுக்குள்ளேயே வறண்டு போயின. இரண்டாவது தடவை கோவிந்தப்பாவின் மச்சான் போனில் சொன்னதையெல்லாம் சாலமன் பயபக்தியோடு கேட்டார். தட்டில் தண்ணீர் வைத்தார், வேளை தவறாமல் முட்டைகளைத் திருப்பினார், கடைசி மூன்று நாள் திருப்புவதை நிறுத்தி ஈரத்தை இன்னும் ஏற்றினார். அப்படியும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. குஞ்சுகள் ஓட்டில் கீறல் விட்டிருந்தன. அதற்குமேல் வர முடியாமல், ஓட்டின் உட்தோல் காய்ந்து உடம்போடு ஒட்டிச் செத்திருந்தன. மச்சானுக்கே காரணம் பிடிபடவில்லை. சாலமன் அவற்றை வேப்ப மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

டோரீனுக்கு அவரை அப்படிப் பார்க்கச் சகிக்கவில்லை. சகிக்காதபோது அவளுக்குக் கோபம்தான் வரும். கோயிலில் பழக்கமான மதலைமுத்து ஓர் அப்பார்ட்மென்ட்டில் சூப்பர்வைசர். வாட்ச்மேன் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, கேட்டில் நின்று கார் வந்தால் சல்யூட் அடிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, டோரீன் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"இன்னும் ஒரே வாட்டி வெச்சுப் பாக்கட்டும்ணே. அதுவும் புட்டுக்கிச்சுனா உங்க கேட்டுக்கு அனுப்பிடறேன்."

சாலமன் சண்டைக்கு வருவார் என்று நினைத்தாள். அவர் "சரி" என்றார். எத்தனையோ பேர் யாருக்கு சல்யூட் அடித்தார்களோ, அந்த ஆள் ஒரு மாருதி காருக்குக் கையைத் தூக்குவதா? அவளுக்குச் சொன்ன வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் டோரீன் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற ஜாதி இல்லை. அதனால் முட்டை பொரிக்க வேண்டும் என்று ரகசியமாக ஜெபம் பண்ண ஆரம்பித்தாள்.

மூன்றாவது தடவைக்கான முட்டைகள் பக்குவத்துக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டோரீன் கோயிலுக்குப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சாலமன் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, காதைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். உள்ளேயிருந்து மெல்லிய சத்தம். டக், டக். அவர் கை கைப்பிடியில் இருந்தது.

"இன்னா பண்றீங்க?"

"தட்றானுங்க டோரீன்."

"தட்டட்டும். அதுக்கு இன்னாத்துக்குக் கதவப் புடிச்சினு கீறீங்க?"

டோரீனுக்குச் சந்தேகம் வந்தது.

"போன வாட்டியும் தொறந்தீங்களா?"

"தட்டினானுங்க."

"எத்தினி தடவ தொறந்தீங்க?"

"தட்டினப்பல்லாம்" என்றார் சாலமன்.

டோரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் தையல் யூனிட்டில் இருந்த நேரமெல்லாம் இந்த மனிதர் கதவைத் திறந்து திறந்து ஈரத்தையெல்லாம் தெருவுக்கு அனுப்பியிருக்கிறார். பெங்களூர் காற்று உள்ளே போய்த் தோலைக் காயவைத்து, பாவப்பட்ட குஞ்சுகளைக் கட்டிப் போட்டிருக்கிறது. காப்பாற்றப் போய்க் கொன்றிருக்கிறார்.

அந்தக் காலத்து ஃப்ரிட்ஜுகளில் பூட்டு இருக்கும். சாவி பெட்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டோரீன் பூட்டினாள், சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கு அது அனுமதியில்லாத இடமல்ல. ஆனாலும் கோயில் புடவையில், அந்த முகத்தோடு நிற்பவளிடம் கை நீட்டும் துணிச்சல் சாலமனுக்கு இல்லை.

"சாவியக் குடு டோரீன்."

"முடியாது. அதுங்களா ஒடச்சினு வரணும்."

"உள்ளேர்ந்து தட்றான். நான் கேட்டுகினு சும்மா குந்தினு இருக்கணுமா?"

அவர் குரல் உடைந்தது. அப்போதுதான் டோரீனுக்கு விளங்கியது. ஒருமுறை சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். மீட்கப் போன கூட்டத்தில் சாலமனும் இருந்தார். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். இவர்கள் தோண்டி முடிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. இதைக்கூட அவர் சொல்லவில்லை. கூடப் போனவரின் சம்சாரம் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவள் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. புடவை கசங்குவதைப் பார்க்காமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தோண்டி முடிக்கிற வரைக்கும் அங்க இன்னாங்க பண்ணுவீங்க?"

"பதிலுக்குத் தட்டுவோம். வெளிய ஆள் கீறாங்கன்னு அவனுக்குத் தெரியணும் இல்ல?"

"அப்ப தட்டுங்க" என்றாள் டோரீன்.

சாலமன் அவளைப் பார்த்தார். பிறகு விரல் மடக்கி, கதவில் மெதுவாகத் தட்டினார். உள்ளே டக் என்றது. அவர் மறுபடி தட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் கை வலிக்குமென்று டோரீனும் தட்டினாள். இரண்டு பேரும் கோயிலை மறந்தே போனார்கள்.

கோவிந்தப்பா எட்டிப் பார்த்தபோது, கணவனும் மனைவியும் கோயில் உடுப்பில் தரையில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்ரீ சாலமன், ஃப்ரிட்ஜ் கெட்டோய்த்தா?" என்றார் கன்னடத்தில்.

"இல்ல சார், உள்ள இருக்கறவங்களோட பேசினு இருக்கோம்" என்றாள் டோரீன். கோவிந்தப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசல்படியைத் தாண்டாமலே போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் முதல் குஞ்சு ஓட்டைத் தள்ளிக்கொண்டு விழுந்தது. அப்புறம் ஒன்று, அப்புறம் ஒரே நேரத்தில் நாலைந்து. நனைந்த பஞ்சு மாதிரி தள்ளாடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்து, கொஞ்சம்கூட நன்றியில்லாமல் கத்தின. கண்ணாடி வழியாக சாலமன் ஒவ்வொன்றையும் "வா ராஜா, வா" என்று வரவேற்றார். ஒரு தடவைகூடக் கைப்பிடியைத் தொடவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மதலைமுத்து வந்தார். கோயிலில் காணோமே என்று விசாரித்துவிட்டு, "நாளைக்கு வந்து ஜாயின் பண்றாரா?" என்றார்.

"வர மாட்டாருண்ணே. அவருக்கு இங்க டியூட்டி கீது" என்றாள் டோரீன். ஆயுளில் முதல் தடவையாகச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கினாள். அவள் நினைத்த அளவுக்கு அது கசக்கவில்லை.

அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். எல்லாம் வெளியே வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. ஓரத்தில் கிடந்த ஒரு முட்டையில் கீறல் மட்டும் இருந்தது. சாலமன் அதற்கு நேராகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பதில் இல்லை.

"முன்னாடி தட்டினு இருந்தான். இப்ப நின்னுபோச்சு" என்றார். அவர் முகத்தை டோரீனால் பார்க்க முடியவில்லை.

ஓடிப்போய்க் கோவிந்தப்பா வீட்டுப் போனிலிருந்து மச்சானைக் கூப்பிட்டாள். மற்றக் குஞ்சுகள் உலர்ந்துவிட்டனவா என்று அவர் கேட்டார். உலர்ந்துவிட்டன. அப்படியானால் இனித் திறக்கலாம், வெந்நீரில் நனைத்த பஞ்சால் தோலைத் தடவித் தடவிப் பிரிக்கணும், அவசரப்படக் கூடாது என்றார். டோரீன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"இப்பப் போங்க. இப்பத் தொறக்கலாம்."

சாவி பூட்டில் நுழைய நேரமாயிற்று. கதவைத் திறந்ததும் வெப்பமும் ஈரமும் அவர் முகத்தில் அடித்தன. முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, பஞ்சை நனைத்து, ஓட்டைச் சில்லுச் சில்லாக நீக்கினார். "வந்துட்டோம்டா, வந்துட்டோம்" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசித் தோல் பிரிந்து, பிசுபிசுவென்று ஒன்று அவர் கையில் சாய்ந்தது. அசையவில்லை. பிறகு அலகைத் திறந்து, மற்றவர்கள் எல்லாரையும்விடக் கோபமாகக் கத்தியது.

சாலமன் அதைக் கையில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். டோரீன் அவர் தோளில் கை வைத்தாள்.

"கதவ மூடுங்க" என்றாள். "மத்தவங்களுக்குக் குளிரும்."

சாலமன் அழுதுகொண்டே மூடினார்.