கடைசிச் செய்தி மட்டும்

அலுவலகத்தில் எல்லோரும் போனில் செய்தி அனுப்பிக்கொள்ள, சர்வர் அறைக்காரி மட்டும் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில்தான் அனுப்புவாள். படம் கிடையாது, பொம்மை கிடையாது, எதுவானாலும் கட்டளையாகத் தட்ட வேண்டும். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தச் செய்திக் கணக்கைப் போனில் ஏற்றக்கூட மாட்டேன் என்று வீம்பு வேறு.

அன்று காலைதான் அண்ணி ஒருவழியாகச் சம்மதித்திருந்தாள். அடுத்த வாரம் இவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கைபிடித்தால்தான் நடக்கிற அம்மாவை, இவள் தேறி எழும்வரை அண்ணன் வீட்டில்தான் விட வேண்டும். வேறு நாதி இல்லை.

திரையில் ஆளுக்கொரு ஜன்னல், ஜன்னலுக்கொரு எண். அதைக் கணவனுக்குச் சொல்ல மூன்றாம் ஜன்னலைத் தட்டினாள். மூன்றில் எப்போதும் அவன்தான். காலையில் அண்ணியோடு பேசிய ஜன்னல் நடுவில் புகுந்து, அவனை நான்குக்குத் தள்ளிவிட்டு மூன்றில் உட்கார்ந்திருந்ததை மகராசி கவனிக்கவில்லை.

“அண்ணி சரின்னுட்டாங்க. ரெண்டு நாள் நல்லா பாப்பாங்க, மூணாம் நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. வேற வழியில்லாமதான் கெஞ்சினேன்.” எண்டர்.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் மேலே அண்ணியின் பெயர்.

“அண்ணி, இடம் மாறி வந்துடுச்சு. மன்னிச்சுடுங்க” என்று பதறியடித்து அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் புத்தி வேலை செய்தது. திரும்பப் பெறும் கட்டளை ஒன்று இருக்கிறதே! தட்டினாள். ‘செய்தி திரும்பப் பெறப்பட்டது’ என்றது திரை. போனது மன்னிப்பு. வசவு குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தது.

மறுபடி தட்டினாள். ‘ஏற்கெனவே திரும்பப் பெறப்பட்டது.’ மேலே ஏறி அந்த வரியையே பிடித்துத் தட்டினாள். ‘கடைசிச் செய்தியை மட்டுமே திரும்பப் பெறலாம்.’

“அதான் போயிடுச்சே சனியனே, இப்ப இதுதானே கடைசி!” என்று திரையோடு மல்லுக்கு நின்றாள். அழிந்த மன்னிப்பையே அது இன்னும் கடைசிச் செய்தியாகக் கணக்கில் வைத்திருந்தது. எந்தப் புண்ணியவான் எழுதிய புரோகிராமோ!

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “போன்ல அழிச்சுடுங்களேன் மேடம்.”

“போன்ல ஏத்தல.”

“ஏன்?”

அந்தக் கேள்விக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அதற்குள் போன் அடித்தது. அண்ணி.

“என்னத்தையோ எழுதி அழிச்சிருக்கியே, என்ன அது?”

“மன்னிப்பு, அண்ணி. கைதவறி...”

“திட்டினதை விட்டு வெச்சுட்டு மன்னிப்பை மட்டும் அழிச்சியா?”

ஜன்னல், எண், கட்டளை என்று இவள் அடுக்கினாள். சொல்லச் சொல்ல இவளுக்கே அது பச்சைப் பொய்யாகப் பட்டது.

“சரி, இடம் மாறி வந்துடுச்சு, ஒத்துக்கறேன். எழுதினது நீதானே?”

இவள் திரையில் இருந்த அந்த வரியைக் கையால் மறைத்தாள்.

“அத்தையை ஞாயித்துக்கிழமை கொண்டாந்து விடு. அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம். நீ மட்டும் மூணாம் நாள் வந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் போ.”

போன் வைக்கப்பட்டது. அம்மாவுக்கு இடம் உறுதி. ஆனால் அந்த முகத்தை எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது? அதற்கு ஆபரேஷனே தேவலை.