பதினைந்து சென்டிமீட்டர் பூகம்பம்

1.

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் எடுத்தேன். கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் செல்போனில் கேட்டார்: "இன்னா மேடம், பூகம்பம் இன்னிக்கா, நாளைக்கா?"

கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. வெல்டர் என்று முடிவுகட்டி முனுசாமி என்று பெயர் வைத்தேன். மறுமுனையில் இருந்த மேடத்தை நானேதான் உண்டாக்க வேண்டியிருந்தது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'பூமித்தாயின் மடியில் உறங்கும் இரும்புக் குழாய்…' (அடித்துவிட்டேன். மேடம் படித்தால் சிரிப்பாள்.)

2.

மேடத்தின் பெயர் நௌஷீன். வயது இருபத்தாறு, வருஷம் 2006. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிவரை பஸ், பிறகு ரயில். தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் அவளுக்கு வேலை. என்ன வேலை என்று ஊரில் கேட்டால், "பூகம்பம் செய்றேன்" என்பாள். அது பொய்யில்லை.

வடக்கே ஒரு கம்பெனி எரிவாயுக் குழாய் பதிக்கப்போகிறது. வழியில் ஒரு நிலப்பிளவு. அங்கே பூமி நகர்ந்தால் புதைந்த குழாய் என்னாகும்? அதைக் கணினியில் கணக்கிட்டாள். பிறகு இரண்டு பாதியாகப் பிரியும் மரப்பெட்டியில் மணல் நிரப்பி, பத்தில் ஒரு பங்கு அளவில் குழாயைப் புதைத்தாள். ஒரு பாதியை முனுசாமி ஜாக்கியால் தள்ளுவார்.

கணக்கு சொன்னது எளிது. குழாய் பிளவை ஒரு பக்கம் சாய்ந்து கடந்தால், பூமி நகரும்போது இழுபடும், தாங்கிவிடும். மறுபக்கம் சாய்ந்தால் நசுங்கிக் கிழியும். கம்பெனியின் வரைபடத்தில் அது மறுபக்கம் சாய்ந்திருந்தது.

3.

நௌஷீனின் மேலாளர் வீரராகவன் கெட்டவர் அல்ல. (வில்லனாக்கிப் பார்த்தேன், மீசை ஒட்டவில்லை.)

"வழிய மாத்தினா மறுபடி நிலம் எடுக்கணும்மா. நாளைக்கு அவங்க ஆளு பார்க்க வர்றாரு. முப்பது சென்டிமீட்டர் தள்றத பதினஞ்சோட நிறுத்திக்கலாமே?"

"பூமி நிறுத்திக்குமா சார்?"

"பூமி நம்ம கிளையன்ட் இல்லையே."

4.

மறுநாள் காலை கம்பெனி பொறியாளர் பாக்கியநாதன் வந்தார். முனுசாமி தள்ளினார். பதினைந்து. குழாய் லேசாக வளைந்ததோடு சரி. வீரராகவன் கைதட்டினார்.

"இவ்வளவுதான் நகருமா?" என்றார் பாக்கியநாதன்.

"இவ்வளவுதான் சார்" என்றார் வீரராகவன்.

நௌஷீன் பெட்டியருகே வந்தாள். அப்போது அவள்

(இங்கே மூன்று நாள் நின்றுவிட்டேன். ஒரு பக்கத்துக்கு வீர வசனம் எழுதினேன். அவள் பேச மறுத்துவிட்டாள்.)

"முனுசாமிண்ணே, இன்னும் தள்ளுங்க" என்றாள். அவ்வளவுதான்.

முனுசாமி மேலாளரை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். தள்ளினார். இருபத்திரண்டில் பெட்டிக்குள் டொப்பென்று ஒரு சத்தம். மணலை வாரிப் பார்த்தபோது குழாய் மிதிபட்ட டப்பாபோல மடிந்து, விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது.

பாக்கியநாதன் உண்மையாகவே விரலை நுழைத்துப் பார்த்தார். "எப்போ நகரும்?"

"தெரியாது சார். நகர்ந்தா இந்தப் பெட்டி அளவுல முப்பது வரைக்கும் போவும்" என்றாள் நௌஷீன்.

"நான் ரிட்டையர் ஆவுறதுக்குள்ளயா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும்கூட. குழாயை இழுபடும் பக்கம் சாய்த்து அவள் திருத்தி வரைந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

5.

அடுத்த வாரம் கையெழுத்துக்கு வந்த அறிக்கை: 'பதினைந்து சென்டிமீட்டர்வரை குழாயின் நடத்தை திருப்திகரம்.' ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் அதன் அழகு. நௌஷீன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். வேறொருவர் போட்டார். அவளைத் தண்ணீர்த் தொட்டி வரையும் மேசைக்கு மாற்றினார்கள்.

கிழிந்த துண்டை முனுசாமி அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "வெச்சிக்கோங்க மேடம். ஸ்கிராப்புல போட மனசு வர்ல. எனுக்கு பேஜாரா இருந்துச்சு, ஆனா நீங்க சொன்னது கரீட்டு."

அன்று ரயிலில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

6.

குழாய் 2009இல் பதிக்கப்பட்டது. மண் மூடி, புல்லும் முளைத்துவிட்டது. பாக்கியநாதன் அந்தக் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தாரா, சட்டையோடு சலவைக்குப் போட்டாரா?

தெரிந்துகொள்ள இரண்டே வழிகள். தோண்டிப் பார்க்கலாம், எனக்கு அனுமதி இல்லை. இல்லையென்றால் பூமி நகர வேண்டும். என்னிடம் பேனா இருக்கிறது, ஒரே வரியில் நகர்த்திவிடலாம். ஆனால் பிளவுக்கு இருநூறு அடி தள்ளி ஒரு ஊர் இருப்பதாக நௌஷீன் வரைபடத்தில் குறித்திருக்கிறாள்.

நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுவதானால், முதலில் அந்த ஊருக்கு ஒரு பெயர் வையுங்கள்.