தண்ணி ஊத்தாத டேங்கு

கனகராஜுக்கு வயசு இருபத்திநாலு. அவன்கிட்ட வெல்டிங் கத்துக்க வந்த தாண்டவராயனுக்கு முப்பத்தொண்ணு. வயசுல மூத்தவன் மேல கை நீட்டறோமேன்னு கனகராஜுக்கு ஒருநாளும் கூசினது கிடையாது, படுபாவி!

சிங்கவரத்துல ரெண்டு வருஷமா மழை பொய்ச்சு, தாண்டவராயன் போட்ட மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, எல்லாம் காய்ஞ்சுபோச்சு. செஞ்சி பஜாருக்கு வந்து கனகராஜ் பட்டறையில சேர்ந்தான். அந்தக் காலத்துப் பேச்சு இதுதான்: நாளுக்கு ஒரு ரூபா கூலி, ஆறு மாசம் முடிஞ்சா டார்ச்சு அவன் கையில. நெருப்பு கக்குற அந்தப் பித்தளைக் குழாயைப் புடிச்சாத்தான் வெல்டர். இல்லைன்னா காலம் முச்சூடும் டார்ச்சுக்குக் கேஸ் குடுக்குற டிரம்முக்குக் கார்பைடு கல்லு உடைச்சுக்கிட்டே கிடக்க வேண்டியதுதான்.

எட்டு மாசம் ஆச்சு. கேட்டா, "நாளைக்குப் பாக்கலாம்டா"ன்னுவான் கனகராஜ்.

அடி மட்டும் நாளைக்குன்னு தள்ளிப்போகாது. இடுக்கியால முட்டியில, கம்பியால முதுகுல. ஒரு தபா பெட்ரோல் டேங்கு ஒண்ணைத் தண்ணி நிரப்பாமலே நெருப்புக்கிட்ட கொண்டாந்து வெச்சுட்டான் தாண்டவராயன். கனகராஜ் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அவன் முழங்கைக்குக் கீழ வெச்சு அழுத்தினான். தோல் பொசுங்கின நாத்தம் எதிர்க்கடை வரைக்கும் போச்சு.

"காலி டேங்குல ஆவி நிக்கும்டா. தீயைக் காட்டினா வெடிச்சு உன் தலை ராஜகிரிக் கோட்டை மேல போயி வுழும். விரிசல் வரைக்கும் தண்ணி ஊத்தணும். மறக்காம இருக்கத்தான் இந்தச் சூடு."

பொண்டாட்டி ராஜாம்பாள் தேங்கா எண்ணெயைத் தடவிக்கிட்டே அழுதா. "வுட்டுட்டு வந்துடுய்யா." "டார்ச்சைத் தொடாம வரமாட்டேன்"னுட்டான்.

மாசி மாசத்துல ஒரு மத்தியானம் மல்லாட்டை யாவாரி கோவிந்தசாமி, தன் வேனோட பெட்ரோல் டேங்கைத் தூக்கிட்டு ஓடியாந்தாரு. பக்கவாட்டுல விரிசல். அவலூர்பேட்டைச் சந்தைக்கு மூட்டை போகணும், அரைமணியில வேணும், ரெட்டைக் கூலி. பட்டறைக் கிணறோ வத்திக்கிடக்குது. தண்ணிக்குக் குளத்துக்குத்தான் நடக்கணும்.

கனகராஜ் டேங்கைத் தட்டிப் பார்த்தான். டார்ச்சைப் பத்தவெச்சு நீட்டினான்.

"இன்னாடா, கேட்டுக்கிட்டே இருந்தியே. இந்தா, இன்னைக்கு நீ ஒட்டு."

தாண்டவராயன் சந்தோஷத்துல அதை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டான். வாங்கின அடியெல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோச்சு. டேங்குகிட்ட குனியப் போனவன், எதுக்கோ திரும்பிப் பார்த்தான். கனகராஜ் பத்தடி தள்ளி, பட்டறை வாசல் புளியமரத்துக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டிருந்தான்.

கைத்தழும்பு சுரீர்னுச்சு.

"மேஸ்திரி, தண்ணி ஊத்தலியே?"

"பழைய டேங்குதான். ஒட்டுடா!"

"அப்ப நீங்க ஏன் அங்க போயி நிக்கிறீங்க?"

கனகராஜ் மரத்தை ஒட்டி இன்னும் ஒதுங்கினான். தாண்டவராயன் டார்ச்சைக் கொக்கியில மாட்டிட்டு நேரா மரத்தடிக்குப் போனான். கனகராஜ் ஸ்பேனரால ஓங்கி அடிச்சான். வாயில பட்டு ஒரு பல்லு தெறிச்சு வுழுந்துச்சு. தாண்டவராயன் ரத்தத்தைத் துப்பிட்டு, அவன் தலைமயிரைப் புடிச்சுத் தரதரன்னு இழுத்தாந்து, மூஞ்சியை டேங்கு மேல அழுத்தினான். இன்னொரு கையில எரிஞ்சுக்கிட்டிருந்த டார்ச்சை எடுத்தான்.

"இப்ப ஒட்டட்டுமா மேஸ்திரி? ரெண்டு பேருமே பக்கத்துல இருக்கோம்."

"ஐயோ வேணாம்! வெடிச்சுடும்! தண்ணி ஊத்தணும், தண்ணி!"

பஜாரே கேட்டுச்சு. கோவிந்தசாமி ஓடியே போயிட்டாரு. தீயைக் காட்டிடலாம்னுதான் தாண்டவராயனுக்கு இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. எண்ணெய் தடவின ராஜாம்பாள் கை நெனப்புக்கு வந்துச்சு, நின்னுட்டான்.

கனகராஜை அந்தாண்ட இழுத்துப் போட்டு, ஒரு கம்பியைச் செவக்கக் காய்ச்சி, அவன் முழங்கைக்குக் கீழ, அதே இடத்துல வெச்சான். கனகராஜ் அலறினான்.

"மறக்காம இருக்கத்தான்"னான் தாண்டவராயன். "குடத்தை எடு."

வெந்த கையோட எட்டு நடை தண்ணி சுமந்தான் கனகராஜ். டேங்கு விரிசல் வரைக்கும் ரொம்பினதும் தாண்டவராயன் ஒட்டினான். முதல் ஒட்டு, கோணலாத்தான் வந்துச்சு. ஆனா ஒரு சொட்டு ஒழுகலை.

டார்ச்சை அணைச்சு, ரப்பர் குழாயைச் சுத்தி மாட்டிட்டு, வாயைத் தொடைச்சுக்கிட்டான்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும் மேஸ்திரி?"

கனகராஜ் கையை ஊதிக்கிட்டே, தலை தூக்காம சொன்னான்:

"எட்டு மணிக்கு வாங்கண்ணே."